ஒரு தலையாரிப் பில்லையின் வயது

ரசீதில் இருந்தது ஒரே வரி: "விக்டோரியா காலத் தலையாரிப் பில்லை, பித்தளை, அசல். ரூ. 65,000." கீழே கடைக்காரர் கையெழுத்து, தேதி, முத்திரை. பழம்பொருள் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ரசீது கேட்பதில்லை. கேட்டாலும் "பித்தளைச் சாமான் 1" என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் கட்சிக்காரர் ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதை வாங்கினாலும் விவரமாக ரசீது கேட்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. அந்தப் பழக்கம் இல்லையென்றால் வழக்கே இல்லை.

தலையாரி என்றால் இன்று பலருக்குக் கிராம நிர்வாக அலுவலரின் உதவியாளர்தான் நினைவுக்கு வருவார். பழைய சென்னை மாகாணத்தில் அவர் ஊர்க்காவல்காரர். 1816ஆம் ஆண்டின் 11ஆவது ரெகுலேஷன் ஊர் மணியக்காரரைக் கிராம போலீசுக்குத் தலைவராக்கியது. திருட்டுப் போன மாட்டின் தடம் பார்ப்பது, சந்தேகப்பட்டவனைப் பிடித்து வைப்பது, தாலுகா கச்சேரிக்குச் சேதி கொண்டுபோவது எல்லாம் மணியக்காரருக்குக் கீழே இருந்த தலையாரியின் தலையில் விழுந்தன. 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டத்தால் சம்பளப் போலீஸ் வந்த பிறகும் ஊருக்குள் தலையாரிதான் காவல். உடுப்பு கிடையாது. வாரில் கோத்த பித்தளைப் பில்லைதான் அவருடைய அதிகாரம்.

என் கட்சிக்காரரின் கொள்ளுத்தாத்தா மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தலையாரியாக இருந்தவர். அவருடைய பில்லை குடும்பத்தில் தங்கவில்லை. செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் அப்படியொரு பில்லையைப் பார்த்ததும் மனுஷர் பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டார். சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார். ஒரு வருஷத்துக்கு மேல் மாட்டியிருந்தது. பழைய நாணயம் சேர்க்கிற உறவினர் ஒருவர் வந்து பார்த்து, "மாமா, இது ரொம்பப் புதுசா இருக்கே" என்றார். கடைக்காரரிடம் போய்க் கேட்டதற்கு, "வாங்கும்போது பார்த்துத்தானே வாங்கினீங்க" என்று பதில் வந்தது. அதன் பிறகுதான் பில்லையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார்.

முதலில் அவர் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை. "சார், இது டூப்ளிகேட்டா இருந்தா, வீட்ல வச்சிருக்கிறதே குத்தமா? போலீஸ் அடையாளமாச்சே."

நியாயமான பயம். அரசு ஊழியரின் உடுப்பையோ அடையாளத்தையோ ஒத்த ஒன்றை அணிந்து, தன்னை அந்த ஊழியர் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு திரிந்தால் குற்றம். அப்போது அமலில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 171ஆவது பிரிவு அதற்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று சொன்னது. எண்ணம்தான் அங்கே முக்கியம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர் யாரையும் ஏமாற்றப் போவதில்லை. மாதிரி செய்வதும் தன்னளவில் குற்றமில்லை. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் எத்தனையோ பில்லைகள் வார்க்கப்படுகின்றன. மாதிரியை அசல் என்று சொல்லி விற்கும் இடத்தில்தான் சிக்கல் பிறக்கிறது. இதைச் சொன்னதும்தான் அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பிராது போடும் முன் பில்லையைப் பற்றித் தெரிந்துகொள்ள முடிந்ததை எல்லாம் தெரிந்துகொள்ள முயன்றோம். ஒவ்வொரு வழியும் பாதியில் நின்றது.

உலோகத்திலிருந்து தொடங்கினோம். ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று சொல்வார்கள். வயது சொல்ல மாட்டார்கள். கரிமக் கணக்கால் வயது பார்ப்பது மரம், எலும்பு, துணி போல ஒரு காலத்தில் உயிரோடு இருந்த பொருள்களுக்குத்தான் உதவும். பித்தளைக்கு அந்தப் பேச்சே இல்லை. தவிர, பழைய குத்துவிளக்கை உருக்கி நேற்று வார்த்த பில்லையிலும் உலோகம் பழசாகத்தான் இருக்கும்.

செய்முறையைப் பார்த்தோம். அச்சில் அடித்த பில்லையின் ஓரங்கள் கூர்மையாக இருக்கும், பின்பக்கம் வழவழப்பாக இருக்கும். மண் அச்சில் வார்த்ததில் பின்பக்கம் மணல் மணலாக, அங்கங்கே காற்றுக்குமிழ்க் குழிகளோடு இருக்கும். எங்கள் பில்லை வார்த்தது. அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை நிபுணர் சாட்சியாக வைத்துக்கொள்ள விரும்பினேன். அவர் நேர்மையான மனிதர். "வார்த்ததுன்னு சொல்றேன். அதனாலயே போலின்னு சொல்ல மாட்டேன். அந்தக் காலத்துலயும் உள்ளூர்க் கன்னார்கிட்ட கொடுத்து வார்த்து வாங்கியிருக்கலாம்" என்றார். அவரைக் கூண்டில் ஏற்றினால் எதிர்த்தரப்புக்குத்தான் லாபம்.

உச்சியில் இருந்த மகுடத்தைப் பார்த்தோம். பிரிட்டிஷ் கால அடையாளங்களுக்குக் காலம் சொல்வதில் மகுடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஏழாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்த 1901க்குப் பிறகு புழங்கிய மகுடத்தில் வளைவுகள் மேல்நோக்கி உருண்டு நிற்கும். இரண்டாம் எலிசபெத் காலத்தில் வந்ததில் நடுவில் பள்ளம் விழும். விக்டோரியா காலத்துப் பில்லைகளிலும் பள்ளம் விழுந்த மகுடத்தைப் பார்க்கலாம் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. எங்கள் பில்லையின் மகுடம் எந்த வகையிலும் சரியாக அடங்கவில்லை. லண்டன் பட்டறையில் செய்ததென்றால் அதை வைத்தே வாதாடலாம். ஊர்க் கன்னார் கண்ணால் பார்த்ததைக் கையால் செய்திருப்பார் என்று எதிர்த்தரப்பு ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடும்.

தேய்மானம் கொஞ்சம் பேசியது. பல வருஷம் இடுப்பில் கிடந்த பில்லையில் தோல்வார் உரசுகிற இடம், அதாவது பின்பக்க வளையங்களின் உள்விளிம்பு, மெலிந்துபோயிருக்கும். இதில் முன்பக்கம் எழுத்தெல்லாம் மழுங்கியிருந்தது. பின்பக்க வளையங்களோ நேற்றுப் பற்றவைத்தது போல முழுசாக இருந்தன. தேய்ந்த பில்லை, தேயாத வளையம். சந்தேகத்துக்கு இது போதும், தீர்ப்புக்குப் போதாது. வளையத்தைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுக்க வழியில்லை.

பழம்பொருள் வழக்குகளில் இரு தரப்பும் சமமான சுமையைத் தூக்குவதில்லை. போலி என்று காட்ட, அந்தக் காலத்தில் இருந்திருக்கவே முடியாத ஒன்று பொருளில் இருந்தால் போதும். அசல் என்று காட்ட வேண்டியவர் பத்துப் பொருத்தம் காட்டினாலும், அந்தப் பத்தையும் பார்த்துச் செய்த கெட்டிக்காரன் ஒருவன் இருந்திருக்கலாம் என்ற கேள்வி மிஞ்சும். நாங்கள் வாதி; மெய்ப்பிக்கும் பொறுப்பு எங்களுடையது. ஆனால் நாங்கள் மெய்ப்பிக்க வேண்டியது போலி என்பதை. எங்களுக்குத் தேவை ஒரே ஒரு பொருத்தமின்மை.

அதைக் கண்டுபிடித்தவர் என் குமாஸ்தா. எழுபதை நெருங்கிய மனிதர். வழக்குக் கட்டுக்கெல்லாம் மேலட்டை எழுதுவது அவர் வேலை, முத்துமுத்தாக எழுதுவார். பில்லையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அட்டையில் "தலையாரிப் பில்லை" என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தார், பில்லையைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"சார், இந்த லை நம்ம லை இல்லையே."

அவர் கை பழகியது பழைய லை. ல-வின் தலையிலேயே யானைத் துதிக்கை போல ஒரு வளைவு ஏறி எழுத்தோடு ஒட்டி நிற்கும். ணை, லை, ளை, னை நான்குக்கும் அந்தத் துதிக்கைதான் இருந்தது. கை, தை போன்ற மற்ற எழுத்துகளுக்குத்தான் முன்னால் தனியாக நிற்கும் இணைக்கொம்பு. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த அரசாணை போட்ட பிறகுதான் பாடப்புத்தகங்களில் இந்த நான்குக்கும் இணைக்கொம்பு வந்தது. பில்லையில் புடைத்து நின்ற "தலையாரி"யில் இருந்தது இணைக்கொம்பு போட்ட லை, இன்று பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற லை.

மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் பிராது தாக்கல் செய்தோம். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, ஒரு பொருளை இன்னது என்று வர்ணித்து விற்றால் பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 18ஆவது பிரிவு இன்னும் கூர்மையானது. தான் சொல்வது உண்மை என்று நம்பினாலும், அப்படி அடித்துச் சொல்ல ஆதாரம் கையில் இல்லாமல் சொன்னால், அது தவறான எடுத்துரைப்பு. விற்றவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை. அது எனக்கு வசதி. கடைக்காரரும் யாரிடமோ ஏமாந்தவராக இருக்கலாம்.

எதிர்த்தரப்பில் ஆஜரானவர் எனக்குச் சீனியர், சாட்சியச் சட்டத்தை நுனிவிரலில் வைத்திருப்பவர். கடைக்காரர் முதல் விசாரணையில் "ஒரு பழைய குடும்பத்திடமிருந்து வாங்கினேன்" என்றார். குறுக்கு விசாரணையில் எந்தக் குடும்பம், எந்த ஊர், எவ்வளவு கொடுத்தீர்கள், சீட்டு உண்டா என்று கேட்டேன். பெயர் நினைவில்லை, சீட்டு இல்லை. ரசீதிலிருந்த கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். பிறகு நடந்தது இது:

"இது விக்டோரியா காலத்தது என்றுதான் இன்றும் சொல்கிறீர்களா?"

"ஆமா."

"விக்டோரியா மகாராணி இறந்தது 1901 ஜனவரியில். அப்படியானால் இதற்கு நூறு வயதுக்கு மேல்?"

"இருக்கும்."

"தொல்பொருள் விற்க உரிமம் வைத்திருக்கிறீர்களா?"

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார். காரணம் புரிந்ததே. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருள் நூறு ஆண்டு கடந்துவிட்டால் தொல்பொருள். உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்வது தண்டனைக்குரிய குற்றம். அசல் என்றால் உரிமமில்லா வியாபாரி, மாதிரி என்றால் வழக்கில் தோற்றவர். கடைக்காரர் இருதலைக் கொள்ளி எறும்பாகிவிட்டார். தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்வி என்பதற்காகச் சாட்சி பதில் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் கட்டாயப்படுத்தி வாங்கிய பதிலைக் குற்ற வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்தவும் முடியாது என்று சாட்சியச் சட்டத்தின் 132ஆவது பிரிவை நீதிபதி பொறுமையாக விளக்கினார். கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பழசுன்னுதாங்க சொன்னேன். நூறு வருஷம்னு நான் எங்க சொன்னேன்?" ரசீதை மறுபடி அவர் கையில் கொடுத்தேன்.

சீனியர் சளைக்கவில்லை. அவருடைய வாதம் வழக்கிலேயே அழகான பகுதி. சாட்சியச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் ஆவணம் என்பதற்குக் கொடுத்த உதாரணங்களில் ஒன்று, உலோகத் தகட்டில் பொறித்த எழுத்து. ஆகவே எழுத்துப் பொறித்த இந்தப் பில்லை ஓர் ஆவணம். 90ஆவது பிரிவின்படி முப்பது ஆண்டு பழைய ஆவணம் உரிய இடத்திலிருந்து வந்தால், அது உண்மையானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். ஆகவே பில்லை உண்மையானது. படிப்படியாக ஏறி வந்து நின்றார். கேட்டுக்கொண்டிருந்த இளம் வக்கீல்கள் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் பதில் மூன்று. முப்பது வயது என்பதை முதலில் காட்டிவிட்டுத்தான் அந்தப் பிரிவுக்குள் நுழைய முடியும். இந்த வழக்கில் கேள்வியே வயதுதான். அடுத்து, பெயர் தெரியாத குடும்பத்திலிருந்து கடைக்கு வந்தது உரிய இடத்திலிருந்து வந்ததாகாது. மூன்றாவது, அந்த ஊகம் கையெழுத்துக்கும், கையால் எழுதிய பகுதிக்கும், எழுதிக் கொடுத்ததற்கும் சாட்சியிட்டதற்கும்தான். மண் அச்சுக்குக் கையெழுத்து ஏது?

அதோடு நிறுத்தாமல் சொன்னேன்: "கனம் நீதிபதி அவர்களே, பில்லை ஆவணம் என்பதை நான் ஏற்கிறேன். ஆவணம் என்றால் அதன் எழுத்தைப் படித்துப் பார்ப்போம்." 1978ஆம் ஆண்டு அரசாணையின் நகலையும், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுப் புத்தகங்கள் சிலவற்றின் பக்கங்களையும் கொடுத்தேன். பொது வரலாற்றைச் சேர்ந்த விஷயங்களில் நீதிமன்றம் தானே நூல்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று 57ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது.

"பெரியார் 1935லேயே குடி அரசில் இந்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டாரே?" என்றார் சீனியர்.

"கொண்டுவந்தார். விக்டோரியா அதைப் பார்க்கவில்லை."

நீதிமன்றத்தில் சிரிப்பு வந்தது, நீதிபதியும் தடுக்கவில்லை. அவர் பழைய லை எழுதிப் படித்த தலைமுறை. பூதக்கண்ணாடியை வாங்கிப் பில்லையின் மேல் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு டவாலியை அருகே கூப்பிட்டார். அவர் மார்புப் பட்டையில் இருந்த பித்தளை வில்லையைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. டவாலி கேளாமலே சொன்னார்: "ஐயா, நாங்க பிராஸோ போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு வர்றதுல ஓரமெல்லாம் உருண்டு போகும். பள்ளத்துல வெள்ளையா அடைச்சுக்கும். இது ரம்பத்தால சீவின மாதிரி இருக்கு." அது சாட்சியம் ஆகாது என்று நீதிபதியே சொல்லிவிட்டார். ஆனாலும் நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். டவாலியின் வில்லையில் எழுத்தின் தோள்கள் வழிந்து இறங்கியிருந்தன. எங்கள் பில்லையில் மேல்பரப்பு தட்டையாக அறுபட்டு, ஓரம் விரலைக் கீறும்படி நின்றது.

சீனியரிடம் இன்னொரு அம்பு மிச்சம் இருந்தது. கொஞ்சம் கவனித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில் வாங்கியவர், பிறகு ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க முடியாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. "வாதி தமிழ் படித்தவர்தானே? எழுத்து அவர் கண்ணெதிரே இருந்ததே?" என்று கேட்டார். கேட்டதும் எனக்கே ஒரு கணம் மூச்சு நின்றது. என் கட்சிக்காரரும் சிறுவயதில் துதிக்கை லை எழுதியவர்தான்.

தீர்ப்பில் நீதிபதி இதற்குச் சொன்ன விடை எனக்குப் பிடித்தது. விற்றவரும் அதே தமிழ் படித்தவர். எழுத்து அவர் கண்ணெதிரேயும் இருந்தது. அப்படியிருந்தும் காலத்தையும் அசல் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டவர் அவர். அடித்துச் சொன்னவர், தான் சொன்னதை நம்பியவரைப் பார்த்து "நீ ஏன் நம்பினாய்" என்று கேட்க முடியாது. பழைய கன்னார் ஒருவர் கை தவறி அப்படி எழுதியிருக்கலாமே என்ற வாதத்தையும் எடுத்துக்கொண்டார். உரிமையியல் வழக்கில் ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் தேவையில்லை. சாத்தியம் எந்தப் பக்கம் கூடுதலாகச் சாய்கிறது என்பதே கேள்வி. பிற்கால எழுத்து, தேயாத வளையம், பெயர் சொல்ல முடியாத பழைய உரிமையாளர் ஆகிய மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன என்றார். கடைக்காரர் ஏமாற்றினார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், வாதி பில்லையைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பு முடிந்தது.

அந்தக் கடைசிப் பகுதிதான் என் கட்சிக்காரருக்கு உறுத்தியது. "சார், திரும்பக் கொடுத்தா இன்னொருத்தன் தலையில கட்டிடுவாரே?" பின்பக்கத்தில் "மாதிரி" என்று உளியால் கொத்திவிட்டுக் கொடுக்க அனுமதி கேட்டு ஒரு மனு போட்டுப் பார்த்தேன். பிராதில் கேட்காத பரிகாரம், தவிர அது பிரதிவாதியின் சொத்து என்று மனு தள்ளுபடியானது. சட்டப்படி சரியான உத்தரவு. உரிமையியல் தீர்ப்பு வாதியையும் பிரதிவாதியையும்தான் கட்டும், பில்லையைக் கட்டாது. தீர்ப்பின் நகலை யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு வாங்கலாம். ஆனால் அடுத்து அந்தக் கடைக்குள் நுழைகிறவருக்கு இப்படி ஒரு வழக்கு நடந்ததே தெரிந்திருக்காது.

நான் மேற்கோள் காட்டிய சாட்சியச் சட்டமும் தண்டனைச் சட்டமும் 2024 ஜூலை 1 முதல் புதிய பெயர்களுக்கும் புதிய எண்களுக்கும் மாறிவிட்டன. பித்தளைக்கு வயது கேட்பதிலிருக்கும் சங்கடம் மாறவில்லை. இந்த வழக்கின் கதை தெரிந்தவர்கள் தாத்தாவின் மெடல், பழைய போலீஸ் பெல்ட் என்று எதையாவது கொண்டுவந்து "இது அசல்தானா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். பொருளைத் தள்ளி வைத்துவிட்டு, அதோடு வந்த காகிதம் என்ன இருக்கிறது என்று கேட்பேன். பணிப் பதிவேடு, பழைய புகைப்படம், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற வரிசை ஆகியவை இருந்தால் பேசலாம். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்வது இன்னும் சுருக்கம்: காலத்தையும் "அசல்" என்பதையும் ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வாயால் சத்தியம் செய்கிற கடைக்காரர் பேனாவை எடுக்கத் தயங்கினால், அந்தப் பொருளைப் பற்றி அந்தக் கடையில் உங்களுக்குக் கிடைத்த முதல் உண்மைத் தகவல் அந்தத் தயக்கம்தான்.